பின் பெஞ்ச் புக் ஷெல்ஃப்: ஓடிப்போன ஸ்டூடன்ட்



போன வாரம் ஒரு லவ் ஸ்டோரி பற்றி உருகி உருகி எழுதினாலும் எழுதினேன்... "எத்தனை நாளைக்கு பாஸ் இந்தக் கண்ணீர் வியாபாரம்? தில் இருந்தா ஒரு பேய் நாவல் படிச்சுட்டு எழுதுங்க பார்ப்போம்" என்று நாலைந்து லெட்டர்கள். அதில் ஒரு புண்ணியவான் கண்டிஷன் வேறு போட்டிருந்தார். "ராத்திரி 12 மணிக்கு மேல, ரூம்ல தனியா, லைட்டை அணைச்சுட்டுப் படிக்கணும்." லைட்டை அணைச்சுட்டு எப்படிங்க படிக்கிறது?

சரி, சவாலை ஏத்துக்கிட்டாச்சு. ஸ்டடி லீவில் ரூம்மேட் ஊருக்குப் போய்விட்டான். ஹாஸ்டலில் பாதி ரூம் பூட்டு. பேய்க்கு இதைவிட நல்ல வெதர் கிடைக்காது. காலேஜ் லைப்ரரியில் இங்கிலீஷ் நாவல் ரேக் என்று ஒன்று இருப்பதே மூணாவது வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தை நீட்டியதும் லைப்ரரியன் மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ப்ராஜெக்டுக்கா?" என்றார். "இல்ல மேடம், பேய்க்கு" என்றேன். சீல் குத்தின சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

ஆனால் மேடம் கேட்டது எவ்வளவு கரெக்ட்டான கேள்வி என்று அன்னிக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் புரிந்தது. ஏனென்றால் இது ஒரு ப்ராஜெக்ட் பற்றின நாவல்தான்.

புத்தகம்: 'ஃபிராங்கென்ஸ்டைன்'. எழுதியவர் மேரி ஷெல்லி. முதலில் வெளிவந்தது லண்டனில், 1818 ஜனவரி 1-ம் தேதி.

பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சப்பை மண்டை, கழுத்தில் ரெண்டு போல்ட்டு, கையை நீட்டிக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று நடந்து வருகிற பூதம். எனக்கும் அதேதான். ஆனால் அந்த மண்டையும் போல்ட்டும் 1931-ல் வந்த ஹாலிவுட் படத்தின் உபயம். போரிஸ் கார்லாஃப் என்ற நடிகருக்குப் போட்ட மேக்கப் அது. நாவலில் போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. அந்தப் படத்தில் பூதம் ஒரு வார்த்தை பேசாது. நாவலில் அது பேச ஆரம்பித்தால் எங்கள் டிபேட் கிளப் செக்ரெட்டரியே வாயைப் பிளப்பார்.

இன்னொரு பல்பு... ஃபிராங்கென்ஸ்டைன் என்பது பூதத்தின் பேரே இல்லை! அதைச் செய்தவன் பேர். பூதத்துக்கு அவன் பேரே வைக்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

ஹீரோ யாரு?

விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன். ஜெனிவாவில் வசதியான வீட்டுப் பையன். 17 வயசில் ஜெர்மனியில் இருக்கிற இங்கோல்ஸ்டாட் யுனிவர்சிட்டிக்குப் படிக்க அனுப்புகிறார்கள். படம் பார்த்துப் பழகினவர்கள் வெள்ளைத் தாடி வச்ச கிழட்டு சயின்டிஸ்ட்டை எதிர்பார்த்திருப்பீர்கள். ஊஹூம், நம்ம செட்டு! போன முதல் நாளே ஒரு புரொஃபசர், "இத்தனை நாள் படிச்சதெல்லாம் குப்பை" என்று மட்டம் தட்டுகிறார். இன்னொரு புரொஃபசர் அன்பாகப் பேசி லேபைத் திறந்து காட்டுகிறார். அந்த அன்பில் பையனுக்கு வெறி ஏறிவிடுகிறது. எல்லா காலேஜிலும் இந்த ரெண்டு புரொஃபசர்களும் உண்டுதானே?

உயிர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறான். அடுத்தது என்ன, ப்ரோட்டோடைப்! பிணக்கிடங்கிலும் கசாப்புக் கடையிலும் பார்ட்ஸ் பொறுக்குகிறான். பூதம் ஏன் 8 அடி உயரம் தெரியுமா? பயமுறுத்துவதற்காக இல்லை. சின்னச் சின்ன பார்ட்ஸை வச்சு வேலை செய்தால் லேட்டாகிறது, அதனால் எல்லாவற்றையும் பெரிய சைஸில் செய்துவிடலாம் என்று அவன் எடுத்த டிசைன் முடிவு. டெட்லைனுக்கு பயந்து ஸ்பெசிஃபிகேஷனை மாற்றின முதல் இன்ஜினீயர் நம்ம விக்டர்தான் போல.

கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, வீட்டுக்கு லெட்டர் இல்லை. ஒரு நவம்பர் மாச ராத்திரி, மழை தூறிக்கொண்டிருக்கும்போது ப்ராஜெக்ட் வேலை செய்துவிடுகிறது. மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது.

நம்மாளு என்ன செய்தான்? ஓடிட்டான்!

நிஜமாகவே அவ்வளவுதான். அவுட்புட் வந்ததும் அதன் முகத்தைப் பார்த்து அருவருப்பாகி, பெட்ரூமுக்கு ஓடிப் படுத்துக்கொள்கிறான். கண் விழித்தால், அது படுக்கைத் திரையை விலக்கி இவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வாயால் ஏதோ சொல்லப் பார்க்கிறது. ஒரு கையை நீட்டுகிறது. இவன் மறுபடியும் ஓடி, விடிகிற வரைக்கும் முற்றத்திலேயே கிடக்கிறான். காலையில் ஊரிலிருந்து வந்த ஃப்ரெண்டோடு பயந்து பயந்து ரூமுக்குத் திரும்பினால், அங்கே யாரும் இல்லை. அப்போது அவனுக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம்! கையைத் தட்டிக் குதிக்காத குறையாகச் சந்தோஷம். தான் செய்த ஒன்று எங்கே போச்சு, என்ன சாப்பிடும், குளிருமா என்று ஒரு கேள்விகூட இல்லை.

இந்த இடத்தில் நான் சிரித்தேன். 'செம காமெடி பீஸுப்பா இவன்' என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது.

மொக்கை போட்ட இடங்கள்

நிஜத்தைச் சொல்லணும் இல்லையா? நாவல் எல்லா இடத்திலும் பறக்காது. ஆரம்பமே வட துருவத்துக்குக் கப்பலில் போகிற ஒருத்தர் அக்காவுக்கு எழுதுகிற லெட்டர்கள். அந்த லெட்டருக்குள் விக்டர் கதை, விக்டர் கதைக்குள் பூதத்தின் கதை, பூதத்தின் கதைக்குள் இன்னொரு குடும்பத்தின் கதை. டிபன் கேரியர் மாதிரி அடுக்கு மேல் அடுக்கு. நடுவில் விக்டர் மனசு சரியில்லை என்று மலை, ஏரி, பனி என்று சுற்றுவார். அந்த வர்ணனைகளில் நான் ரெண்டு தடவை தூங்கினேன்.

லாஜிக்கும் கொஞ்சம் இடிக்கும். ஒரு குடிசையை ஒட்டின கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாகக் கேட்டுக் கேட்டே பூதம் ஒரு மொழியை முழுசாகக் கற்றுக்கொள்கிறது. காட்டில் கிடைத்த பெட்டியில் மில்டன், ப்ளூடார்க், கதே எழுதின புத்தகங்கள். மூணையும் படித்து முடிக்கிறது. எங்களுக்கு நாலு செமஸ்டரில் சி லாங்குவேஜே வரலைங்க!

இன்னொரு வருத்தம், பெண்கள். செய்யாத கொலைக்காகத் தூக்கில் தொங்குகிற ஜஸ்டினும் சரி, கல்யாண ராத்திரியில் செத்துப்போகிற எலிசபெத்தும் சரி, விக்டர் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத் தங்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். அவர்கள் பக்கக் கதையை இன்னும் நாலு பக்கம் கேட்டிருக்கலாம்.

ஒன்றரை மணிக்கு மூடிய புத்தகம்

இப்போ அந்தக் குடிசைக்கு வர்றேன். அங்கே ஓர் ஏழைக் குடும்பம். மகன், மகள், கண் தெரியாத வயசான அப்பா. பூதம் முதலில் அவர்கள் சாப்பாட்டைத் திருடித் தின்கிறது. அவர்களுக்கே சாப்பாடு பத்தவில்லை என்று தெரிந்ததும் திருடுவதை நிறுத்திவிடுகிறது. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குப் போய் விறகு வெட்டி வந்து வாசலில் போடுகிறது. வாசல் பனியைத் தள்ளிவிடுகிறது. அவர்கள் சிரித்தால் இதற்கும் சந்தோஷம். அழுதால் இதற்கும் அழுகை. பூதமாம்!

மாசக்கணக்கில் யோசித்து ஒரு முடிவெடுக்கிறது. கண் இருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்து ஓடுகிறார்கள். கண் இல்லாதவர் என் பேச்சைக் கேட்பார் இல்லையா? இளசுகள் வெளியே போன நேரமாகப் பார்த்து, அந்தக் கண் தெரியாத பெரியவர் முன்னால் போய் உட்காருகிறது. அவர் அன்பாகப் பேசுகிறார். முழு நாவலிலும் அதனிடம் ஒரு மனுஷன் அன்பாகப் பேசுவது அந்தச் சில நிமிஷம்தான். அதற்குள் மகன் வந்துவிடுகிறான். ஒரு குச்சியை எடுத்து அடி அடியென்று அடிக்கிறான். திருப்பி அடித்தால் மகன் பீஸ் பீஸாகிவிடுவான். அது அடிக்காமல் எழுந்து போகிறது.

கண் தெரியாத பெரியவர். குச்சி.

புத்தகத்தை மூடிவிட்டேன். பேய் பயம் இல்லை. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த ஒரு பி.வி.சி. பைப்பைப் பார்த்ததால் வந்த பயம்.

பைப் கதை

எங்கள் காலேஜ் பின்கேட் தெருவில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரத் தாத்தாவுக்குச் சுகரில் ரெண்டு கண்ணும் போய்விட்டது. நோட்டைத் தடவிப் பார்த்தே சில்லறை கொடுப்பார். செகண்ட் இயரில் ப்ராஜெக்ட் எக்ஸ்போ வந்தது. நானும் ரூம்மேட்டும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு 'ஸ்மார்ட் ஸ்டிக்' செய்தோம். பி.வி.சி. பைப்பில் ஓர் அல்ட்ராசோனிக் சென்ஸார், ஓர் ஆர்டுயினோ போர்டு, ஒரு பேட்டரி. வௌவால் டெக்னிக்தான். சென்ஸார் அனுப்புகிற சத்தம் எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, கிட்டே ஏதாவது இருந்தால் 'பீப்'.

டெஸ்ட் பண்ண ஆள் வேணுமே? தாத்தாவிடம் போனோம். மூணு ஞாயிற்றுக்கிழமை, கடையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு எங்களோடு தெருவில் நடந்தார். முதல் நாளே எங்கள் டிசைனைக் காலி பண்ணினார்.

"பீப்பு பீப்புன்னு கத்துனா ரோட்டுச் சத்தம் எனக்கு எப்புடிக் கேக்கும் கண்ணு? என்ற காதுதான் என்ற கண்ணு. அதையும் அடைச்சுப்போட்டா?"

நாலு இன்ஜினீயர் மண்டைகளுக்குத் தோணவே இல்லை பாருங்க! பஸ்ஸரைக் கழற்றிவிட்டு, கைப்பிடியில் அதிருகிற மாதிரி குட்டி மோட்டார் வைத்தோம். அடுத்த வாரம், "எதுக்கால இருக்கறதச் சொல்லுது, சரி. கீழ சாக்கடைக் குழி இருந்தா?" என்றார். நேராகப் பார்க்கிற சென்ஸாருக்குக் குழி தெரியாது. அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இருந்தாலும் கைப்பிடி அதிரும்போதெல்லாம் தாத்தா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைச் செல்போனில் வீடியோ எடுத்து எக்ஸ்போவில் போட்டோம். ஜட்ஜ் கண் கலங்கினார். செகண்ட் பிரைஸ். ரூ.3,000. பரோட்டா, சிக்கன், டபுள் ஆம்லெட் என்று ஒரே ராத்திரியில் காலி.

"அடுத்த வாரம் நல்லா ஃபினிஷ் பண்ணி உங்களுக்கே கொடுத்துடுறோம் தாத்தா." சொன்னது நான்தான்.

அடுத்த வாரம் இன்டர்னல்ஸ். அதற்கடுத்த வாரம் ஒரு ஜூனியர் டீமுக்கு ரோபோ செய்ய போர்டு தேவைப்பட்டது, கழற்றிக் கொடுத்தோம். சென்ஸார் வேறு எதற்கோ போச்சு. மீதி இருந்த பைப்பில் ரூம்மேட்டின் லுங்கி காய ஆரம்பித்தது. பின்கேட் டீக்கடையை விட்டுவிட்டு, டீக்கு 2 ரூபாய் ஜாஸ்தி வாங்குகிற மெயின்கேட் கடைக்கு நான் மாறினேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. 8 மாசம்.

விக்டரைப் பார்த்து சிரித்தேனே... அதே முற்றத்தில்தான் நானும் ஒளிந்திருக்கிறேன்.

எழுதினவருக்கு என்ன வயசு?

மறுநாள் பாதியில் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். அதற்கு முன்னால், எழுதினவர் யார் என்று தேடிப் படித்தேன். ஷாக்!

1815 ஏப்ரலில் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானத்தில் பரவி, அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. 1816 ஜூனில், ஜெனிவா ஏரிக் கரையில், மழையில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட நண்பர்களிடம் கவிஞர் பைரன் ஒரு சவால் விடுகிறார்... ஆளுக்கொரு பேய்க்கதை எழுதணும். (எனக்கு வந்த லெட்டர் மாதிரியே!) அந்தக் கூட்டத்தில் இருந்த மேரிக்கு அப்போது வயசு 18. நாவலின் முதல் பதிப்பு 500 காப்பி, அட்டையில் எழுதினவர் பேரே இல்லை. அவரோட பேர் வந்தது 1823 பதிப்பில்தான். 18 வயசில் நான் லேட்டரல் என்ட்ரி பசங்களிடம் ரெக்கார்டு நோட்டு கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவர் பிறந்து சில நாளில் அம்மா இறந்துவிட்டார். 17 வயசில், 1815-ல், அவருக்குக் குறைமாசத்தில் பிறந்த முதல் குழந்தை ரெண்டே வாரத்தில் இறந்துபோனது. பேர்கூட வைக்கவில்லை. அந்தக் குழந்தையை நெருப்புப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்ட மாதிரி கனவு கண்டதாக அப்போதே டைரியில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த பிறகு நாவல் வேற மாதிரி ஆகிவிட்டது. பேரில்லாத பூதம், உயிர் கொடுக்கிற கனவு, அம்மா இல்லாமல் வளர்கிற ஒன்று... இது சும்மா பயமுறுத்த எழுதின கதை இல்லை. விட்டுப் போனவன் பக்கத்திலிருந்து கதையை ஆரம்பித்து, விடப்பட்டதன் பக்கத்துக்கு நம்மை மெதுவாக நகர்த்திக்கொண்டு போகிறார். பூதம் பேசுகிற அத்தியாயங்கள்தான் புத்தகத்தின் நடு மையம்.

பல பேர், 'சயின்ஸ் எல்லை மீறினால் ஆபத்து' என்பதுதான் இந்த நாவலின் மெசேஜ் என்று சொல்வார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். செய்ததில் எனக்குத் தப்பே தெரியவில்லை. செய்த பிறகு ஓடினதுதான் தப்பு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழித்துப் பனிமலையில் பூதம் எதிரில் வந்து நிற்கும்போது, முதலில் அது கேட்பது பழிவாங்கல் இல்லை. 'உட்கார்ந்து என் கதையைக் கேள்' என்பதுதான். அந்தக் கை நீட்டின ராத்திரியிலேயே விக்டர் கேட்டிருந்தால், தம்பி வில்லியம் செத்திருக்க மாட்டான், ஜஸ்டின் தூக்கில் தொங்கியிருக்க மாட்டாள், ஃப்ரெண்டும் மனைவியும் உயிரோடு இருந்திருப்பார்கள். அதுக்காகக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. அதுவே தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. கடைசியில் விக்டரின் உடம்புக்குப் பக்கத்தில் நின்று அது அழுகிற காட்சியைப் படித்துப் பாருங்கள்.

நம்ம 'எந்திரன்' (2010) ஞாபகம் இருக்கா? டெமோ சொதப்பினதும் வசீகரன் சிட்டியை வெட்டிக் குப்பையில் போடுவாரே... அந்த சீனுக்கும் கொள்ளுத்தாத்தா இந்த நாவல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2025-ல் கியர்மோ டெல் டோரோ மறுபடியும் படமாக எடுத்தார். 200 வருஷம் தாண்டியும் இந்தக் கதையை விட மாட்டேங்கிறார்கள். நாமும் ஓடுவதை நிறுத்தவில்லையே!

கடலை மிட்டாய்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்கேட் வழியாகப் போனேன். ஞாயிறு மதியத்தோடு கடை மூடிவிடுவார்கள், ஆள் இருக்க மாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. கடை திறந்திருந்தது.

"ஒரு கடலை மிட்டாய்... எவ்ளோ தாத்தா?"

"அட, குச்சிக்காரக் கண்ணா? பரிசு வந்துச்சா?"

"வந்துச்சு தாத்தா. ரெண்டாவது." கொஞ்ச நேரம் நின்றேன். "குச்சியைப் பிரிச்சுட்டோம் தாத்தா."

அவர் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார். கோபமே இல்லை. அதுதான் தாங்கலை.

"பிரிச்சா பிரிச்சுட்டுப் போங்க கண்ணு. படிக்கிற பசங்க, ஆயிரம் சோலி இருக்கும். முடியிலீன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போயிருந்தா, நானும் இப்புடி ஞாயித்துக்கெழம பொழுதோடயும் கடையத் தொறந்து வெச்சுட்டு ஒக்காந்திருக்க மாட்டேனல்லோ."

இதுவரைக்கும் படித்த எந்தப் பேய்க்கதையிலும் எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

இப்போ நிலவரம்: லுங்கிக்குக் கயிறு கட்டியாச்சு. புது சென்ஸார் வாங்கியாச்சு. ஜூனியர் போர்டைத் திருப்பித் தர முகத்தைத் தூக்குகிறான். சாக்கடைக் குழிக்கு இன்னும் பதில் தெரியவில்லை, கீழே பார்த்து ரெண்டாவது சென்ஸார் வைத்துப் பார்க்கணும். 'சூப்பரா ரெடி ஆயிடும்' என்றெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அந்த டயலாக்கை ஒரு தடவை விட்டுத்தான் இவ்வளவும். தாத்தாவிடம் சொன்னது ஒண்ணுதான்... ரெடியோ இல்லையோ, வர்ற ஞாயிறு வர்றேன்.

மார்க் போடச் சொல்வீர்களே? பயத்துக்கு 100-க்கு 40. மலை வர்ணனைக்கு ஜஸ்ட் பாஸ். பூதம் பேசுகிற அத்தியாயங்களுக்கு சென்டம். இன்ஜினீயரிங் படிக்கிறவர்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆரம்பிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள். முடித்த பிறகு படித்தால் என்னை மாதிரி டீக்கடை மாற வேண்டிவரும்.

லைட்டை அணைத்துப் படிக்கச் சொன்ன புண்ணியவானே, உங்கள் கண்டிஷனை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அன்னிக்கு ராத்திரி விடிய விடிய லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது.

அடுத்த வாரம் வேற புத்தகத்தோட சந்திக்கலாம். அதுவரைக்கும்... உங்கள் ரூம் கதவுக்குப் பின்னால் என்ன சாத்தி வச்சிருக்கீங்க என்று ஒரு தடவை பார்த்துக்குங்க மக்களே!